பாயான் பாரு அடுக்குமாடி வீட்டுக்கு எந்த ஏவி ரிசீவர், அதை எப்படி இணைப்பது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பினாங்குத் தீவின் பாயான் பாருவில் சொந்த அடுக்குமாடி வீடு, ஹால் 12 அடிக்கு 20 அடி, சோபா பின்சுவரை ஒட்டி இருக்கிறது. 55 அங்குல டிவி, ஆஸ்ட்ரோ (டிஷ் டிவி) பெட்டி, மகனின் பிளேஸ்டேஷன் 5, அப்பா விட்டுச் சென்ற ஒரு ஜோடி 6 ஓம் ஸ்பீக்கர். கையில் 5,000 வெள்ளி (ரிங்கிட்). கடைக்காரர் 150 வாட், 9.2 சேனல், 8கே ரிசீவர் (ஒலியைப் பிரித்துத் தனித்தனி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பெட்டி) எடுக்கச் சொல்கிறார், மனைவி சவுண்ட்பார் போதும் என்கிறார், எதை வாங்குவது, எப்படி இணைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். படத்தில் பேசுவது அம்மாவுக்குப் புரியவில்லை, சத்தத்தைக் கூட்டினால் பாட்டும் சண்டையும் காதைப் பிளக்கிறது, ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டேதான் படம் பார்க்கிறோம் என்று. உண்மையான கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அம்மாவுக்குப் பேச்சு புரியவேண்டும் என்பதை முன்னால் வைத்தே பதில் சொல்கிறேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஆடியோ பொருள் செய்யும் பிரிவில் எட்டு ஆண்டு டெக்னீஷியனாக இருந்தேன். அதற்குப் பிறகு பத்தொன்பது ஆண்டாகப் பட்டர்வொர்த்திலும் தீவிலும் வீடு வீடாகப் போய் இவற்றைப் பொருத்தியும் பழுது பார்த்தும் வருகிறேன். உங்கள் ஹாலில் நின்று கேட்காமல் சொல்கிறேன் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறையின் ஒலியை எழுத்தில் கேட்க முடியாது.

பேச்சு ஏன் புரியவில்லை என்பதிலிருந்து தொடங்குவோம். திரைப்படத்தின் 5.1 ஒலித்தடத்தில் (ஐந்து ஸ்பீக்கருக்கும், தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனி ஒலி) பேச்சு ஏறக்குறைய முழுவதும் நடுச் சேனலில் இருக்கும். இசை, மழை, கூட்டத்தின் இரைச்சல் எல்லாம் பெரும்பாலும் இடத்திலும் வலத்திலும் பின்பக்கத்திலும் பரவியிருக்கும். உங்கள் டிவிக்குள் இருப்பதோ கீழ்நோக்கித் திருப்பிய இரண்டு சின்ன ஸ்பீக்கர். எல்லாச் சேனலையும் அந்த இரண்டுக்குள் திணிக்கும்போது பேச்சும் தவிலும் ஒரே வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. ரிசீவர் வைத்தால் பேச்சு தனியாக ஒரு சென்டர் ஸ்பீக்கருக்குப் போகும், அந்த ஒன்றின் அளவை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் ரிசீவருக்கு இருக்கும் முதல் வேலை இது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அதனால் பணத்தைப் பிரிக்கும்போது ரிசீவரிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். நானாக இருந்தால் ரிசீவருக்கு 2,000, நல்ல சென்டர் ஸ்பீக்கருக்கு 900, பக்கத்தில் வைக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கருக்கு 700, சப்வூஃபருக்கு 1,100, ஒயர், பிளக், ஸ்டாண்டுக்கு 300 வெள்ளி என்று ஒதுக்குவேன். கடை விலை மாறிக்கொண்டே இருக்கும், இது பங்கீடு மட்டுமே. கை கடித்தால் சப்வூஃபரைத் தீபாவளி போனஸ் வரைக்கும் தள்ளிப் போடுங்கள், சென்டரைத் தள்ளிப் போடாதீர்கள். மனைவி சொல்வதும் தவறில்லை. வாடகை வீடாக இருந்து, ஓராண்டில் மாறப்போகிறீர்கள் என்றால், தனி நடுச் சேனல் உள்ள ஒரு சவுண்ட்பாரையே நானும் சொல்லியிருப்பேன். சொந்த வீடு, அப்பாவின் ஸ்பீக்கரும் கையில் இருக்கிறது என்பதால்தான் ரிசீவர் பக்கம் நிற்கிறேன்.

அந்த ஸ்பீக்கரை முதலில் சோதித்துவிடுங்கள். முன்துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஃபோம் என்றால் நம் ஊர் ஈரப்பதத்தில் கேக் துணுக்கு போல உதிரும். உதிர்ந்தாலும் வருந்த வேண்டாம், ஃபோம் வளையத்தை மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்பாவின் ஸ்பீக்கரோடு வேறு கம்பெனி சென்டரைச் சேர்க்கலாமா என்று தயங்குவீர்கள். மூன்றும் ஒரே வரிசையில் வந்தவையாக இருந்தால், திரையில் ஒருவர் இடமிருந்து வலம் நடந்து பேசும்போது குரலின் நிறம் மாறாது. கலந்தால் கொஞ்சம் மாறும். பேச்சு புரிவதற்கு அது தடையில்லை, தாராளமாகக் கலக்கலாம்.

இப்போது வாட். அந்த 150-க்குக் கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 விழுக்காடு சிதைவு, ஒரு சேனல் மட்டும் என்று இருந்தால் அது விளம்பரக் கணக்கு. 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 விழுக்காடு சிதைவு, இரண்டு சேனல் என்று இருப்பதே ஒப்பிடத் தகுந்த கணக்கு. ஒரே பெட்டி முதல் கணக்கில் 150 என்றும் இரண்டாவதில் 80 என்றும் காட்டும். சரி, 80 போதுமா? ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மீட்டரில் உட்கார்ந்தால் திறந்தவெளிக் கணக்கில் அது 77 ஆகும், அறைச் சுவர்கள் அதோடு கொஞ்சம் கூட்டித் தரும். சாதாரண உரையாடல் 60, 65 டெசிபல்தான். பேச்சுக்கு ஒரு வாட்டே மிச்சம். அதற்கு மேல் 20 டெசிபல் துள்ளும் வெடிச்சத்தத்துக்கு நூறு மடங்கு வாட் வேண்டும், ஆனால் அந்த அளவுக்கு அடுக்குமாடியில் நீங்கள் போகப்போவதில்லை. 80 வாட்டுக்கும் 160 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 3 டெசிபல். அதற்காகப் பணத்தை இறைக்காதீர்கள்.

சேனல் எண்ணிக்கையை உங்கள் சோபாவே முடிவு செய்துவிட்டது. பின்சுவரை ஒட்டி உட்காருகிறவருக்குப் பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடமே இல்லை, எனவே பின்னால் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் கேட்கும் 7.1 அமைப்புக்கு அங்கே வேலையில்லை. 5.1 போதும். பக்க ஸ்பீக்கர் இரண்டையும் சோபாவின் இரு பக்கமும், காதுக்கு ஓரிரு அடி மேலே, கொஞ்சம் பின்னோக்கியே வையுங்கள். முடிந்தால் சோபாவைச் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் இழுங்கள். சுவரை ஒட்டிய இடத்தில் தாழ்ந்த ஒலி குவிந்து மொத்தமாக உறுமும், ஓர் அடியிலேயே வித்தியாசம் தெரியும், செலவும் இல்லை. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச்செய்யும் அட்மாஸ் முறைக்கு மேல் ஸ்பீக்கர் வேண்டுமா என்றால், இங்கே நான் உறுதியாகப் பேச மாட்டேன். கூரையில் மோதித் திரும்பும் வகை ஸ்பீக்கருக்குத் தட்டையான, கெட்டியான கூரை வேண்டும். அட்மாஸை உருவாக்கிய டால்பி நிறுவனம் சொல்லும் உயரம் 2.3 மீட்டரிலிருந்து 4.3 மீட்டர் வரை. நம் வீடுகளிலோ பிளாஸ்டர் சீலிங்கில் படிப்படியாக விளக்குக் குழி, நடுவே மின்விசிறி. ஒரு வீட்டில் மழை தலைக்கு மேல் பெய்வது போலக் கேட்டது, அதே ஸ்பீக்கரைப் பக்கத்துத் தொகுதியில் வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. முதலில் 5.1-ஐச் சரியாகச் செய்யுங்கள்.

8கே தேவையில்லை. மகனின் விளையாட்டுக்காகத்தான் கடைக்காரர் சொல்லியிருப்பார், 4கே படம் நொடிக்கு 120 தடவை வரவேண்டும் என்று. உங்கள் டிவித் திரை 60 ஹெர்ட்ஸா 120 ஹெர்ட்ஸா என்று கையேட்டில் பாருங்கள். 60 என்றால் அந்தக் கேள்வியே எழாது. 120 என்றாலும் நான் செய்வது ஒன்றே: படம் நேராக டிவிக்கு, ஒலி மட்டும் டிவியிலிருந்து ரிசீவருக்கு. பிளேஸ்டேஷனையும் ஆஸ்ட்ரோ பெட்டியையும் டிவியிலேயே சொருகிவிட்டு, டிவியையும் ரிசீவரையும் ஒரே ஒரு எச்டிஎம்ஐ கேபிளால் இணைப்பது. படத்தின் தரவிதிகள் நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறுகின்றன, நல்ல ரிசீவர் பத்தாண்டு உழைக்கும். படத்தை அதன் வழியாக ஓட்டினால் படத்துக்காகவே அதைத் தூக்கிப் போட வேண்டி வரும். 2020-இல் எச்டிஎம்ஐ 2.1 என்று வந்த முதல் ரிசீவர்கள் சிலவற்றில், சிப் பழுதால் 4கே 120 ஹெர்ட்ஸ் விளையாட்டு ஓடாமல் திரை கறுத்துப் போனது. பயன்படுத்திய செட் வாங்குகிறவர்கள் அந்த ஆண்டுப் பெட்டிகளை விசாரித்துத்தான் வாங்க வேண்டும். இந்த முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. அம்மா பகலில் நாடகம் பார்க்க ரிசீவரைத் தொடவே வேண்டாம், டிவியின் ரிமோட் ஒன்றே போதும்.

அந்த ஒற்றைக் கேபிளில்தான் பெரும்பாலானோர் சிக்குகிறார்கள். ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதிக்கு ஏஆர்சி என்று பெயர், 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. இஏஆர்சி என்பது 2017-இல் வெளியான எச்டிஎம்ஐ 2.1 தரவிதியில் சேர்ந்த அகலப் பாதை. நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் பழைய ஏஆர்சியிலேயே வந்துவிடும், அதற்குள் இருக்கும் அட்மாஸும் வரும். புளூரே தட்டில் உள்ள ட்ரூஎச்டியும், பிளேஸ்டேஷன் அனுப்பும் பல சேனல் பிசிஎம் (சுருக்கப்படாத) ஒலியும் வர இஏஆர்சி வேண்டும். உங்கள் டிவியில் பழைய ஏஆர்சிதான் என்றால் பிளேஸ்டேஷனின் ஒலி அமைப்பில் டால்பியைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், மகனுக்குக் குறை தெரியாது. ஆப்டிகல் கேபிளில் பழைய டால்பி டிஜிட்டலும் டிடிஎஸும் வரும், பிளஸ் வராது.

இனி இணைக்கும் வேலை. ரிசீவரின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஒயரின் முனையை ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக உரித்து, இழைகளை இறுக்கமாக முறுக்குங்கள். ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டால் போதும், ரிசீவர் தன்னைக் காத்துக்கொள்ள உடனே அணைந்துவிடும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் ஒன்றும் எரியாது, ஆனால் தாழ்ந்த ஒலி மெலிந்து, நடுவில் வரவேண்டியது எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் கேட்கும். சந்தேகம் வந்தால் 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு நொடி தொடுங்கள், பெரிய கூம்பு வெளியே வரவேண்டும். பேட்டரிச் சோதனையை ரிசீவரிலிருந்து ஒயரைக் கழற்றிய பிறகே செய்யுங்கள். பத்து மீட்டர் வரை 16 கேஜ் செம்பு ஒயர் போதும், போய்வரும் தடை கால் ஓம் அளவுதான். அதைவிட நீளம் என்றால் இன்னும் தடித்த 14 கேஜ். வெட்டிய முனை உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். யாராவது கோலாலம்பூர் போனால் புடு ஜாலான் பசாரில் உள்ள எலக்ட்ரானிக் கடைகளில் வாங்கி வரச் சொல்லலாம். விலை உயர்ந்த ஸ்பீக்கர் ஒயர் பேச்சைத் தெளிவாக்கும் என்று யார் சொன்னாலும் நான் ஏற்பதில்லை. இத்தனை ஆண்டில் ஒரு வீட்டில்கூட அதைக் கேட்டதில்லை.

சென்டர் ஸ்பீக்கரை டிவி மேசையின் மூடிய அறைக்குள் தள்ளிவிடாதீர்கள். அதன் முகம் தட்டின் விளிம்போடு சமமாக வரட்டும், கீழே இருந்தால் முன்பக்கம் ஒரு ரப்பர் துண்டு வைத்து அம்மாவின் முகத்தைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். சப்வூஃபருக்கு ஒரே கேபிள், ரிசீவரின் சப் முனையிலிருந்து சப்பில் எல்எஃப்இ என்று எழுதிய துளைக்கு. சப்பின் முதுகில் உள்ள கிராஸ்ஓவர் குமிழை (எதற்குக் கீழான ஒலி சப்புக்குப் போகும் என்று பிரிப்பது) உச்ச எண்ணுக்கு முழுக்கத் திருப்பி வையுங்கள், பிரிக்கும் வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். பிறகு டிவியில் ஏஆர்சி என்று எழுதிய துளையிலிருந்து ரிசீவரின் ஏஆர்சி துளைக்கு எச்டிஎம்ஐ. வேறு துளையில் சொருகினால் ஒலி வராது. டிவி, ரிசீவர் இரண்டிலும் சிஇசி வசதியை (ஒரே ரிமோட்டால் இரண்டையும் இயக்குவது) திறக்க வேண்டும். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது.

அடுத்து வரும் ஒரு வரிக்காகவே இவ்வளவும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீடு பிசிஎம் என்று இருந்தால், பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ்த்ரூ (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) என்று மாற்றுங்கள். பிசிஎம்மில் விட்டால் பழைய ஏஆர்சி வழியாக இரண்டு சேனல் மட்டுமே போகும், ஐந்து ஸ்பீக்கர் வைத்தும் அம்மாவுக்குப் பழைய குழப்பமே கேட்கும். ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டில் மூன்று ஆண்டு அப்படியே ஓட்டிக்கொண்டு, ரிசீவர் சரியில்லை என்று விற்கவும் விளம்பரம் கொடுத்திருந்தார்கள். அந்த ஓர் அமைப்பை மாற்றிய அன்று அந்த வீட்டுப் பாட்டி, இவன் குரல் இவ்வளவு நல்லா இருக்குமா என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. மாற்றிய பிறகு ஒரு படத்தை ஓடவிட்டு ரிசீவரின் முகத்தில் அல்லது அதன் தகவல் பக்கத்தில் டால்பி என்றும் 5.1 என்றும் காட்டுகிறதா என்று பாருங்கள். ஆஸ்ட்ரோ நாடகம் இரண்டு சேனலில் வந்தால், ரிசீவரில் டால்பி சரவுண்ட் முறையைத் தேர்ந்தெடுங்கள், பேச்சை அது பிரித்தெடுத்து நடுவுக்கு அனுப்பும். எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி தரும் மல்டி ஸ்டீரியோ முறை விருந்து நாளுக்குச் சரி, அம்மாவின் காதுக்கு ஆகாது.

அப்புறம் ரிசீவரின் மைக்கை வைத்து அறையின் ஒலியை அளக்கும் வேலை. டெனான் பெட்டிகளில் ஆடிஸ்ஸி, யமஹாவில் ஒய்பாவோ, பெயர் எதுவானாலும் மைக்கைக் கையில் பிடிக்காதீர்கள். கேமரா ஸ்டாண்டில், உட்கார்ந்தால் காது எங்கே வருமோ அந்த உயரத்தில், சோபாவின் முதுகுக்கு மேலே தெரியும்படி நிறுத்துங்கள். மின்விசிறியும் குளிர்சாதனமும் அணைந்திருக்கட்டும், கீழே மோட்டார் சைக்கிள் ஓடாத அதிகாலை நல்லது. அளந்து முடித்ததும் இரண்டை மட்டும் திருத்துங்கள். ஸ்பீக்கர் லார்ஜ் என்று போட்டிருந்தால் ஸ்மால் ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சென்டரின் அளவை 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். சப்வூஃபரின் தூரம் உண்மையைவிட அதிகமாகக் காட்டினால் தொடாதீர்கள், சப்புக்குள் ஏற்படும் தாமதத்தையும் சேர்த்தே அது கணக்கிட்டிருக்கிறது. ஓம் தேர்வு இருந்தால் 6 ஓம் ஸ்பீக்கருக்கு நான் 8-லேயே விட்டுவிடுவேன். இது என் பழக்கம், கையேடு வேறு சொன்னால் கையேட்டின்படி செய்யுங்கள். இரவு பத்துக்கு மேல் நைட் மோடு போடுங்கள், வெடிச்சத்தம் அடங்கும், பேச்சு அடங்காது. கீழ்வீட்டுக்காரருக்காகவும் சொல்கிறேன். 40 ஹெர்ட்ஸ் ஒலியலை எட்டரை மீட்டர் நீளம், உங்கள் தரையும் சுவரும் அதற்குப் பெரிய தடையே இல்லை.

விலை குறைவு என்று ஜப்பானிலிருந்து வந்த பழைய செட் பக்கம் கண் போகலாம். தரம் நன்றாகவே இருக்கும், ஆனால் அது 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் அன்றோடு முடிந்தது, தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் எஃப்எம் பெரும்பாலும் 90 மெகாஹெர்ட்ஸில் நின்றுவிடும், மின்னல், ராகா வானொலிகள் அதற்கு மேலே. உள்ளூர் உத்தரவாதத்தோடு புதிதாக வாங்குவதே உங்களுக்கு நல்லது. யமஹாவுக்கு ஈப்போவில் தொழிற்சாலையே இருக்கிறது. மற்ற கம்பெனி என்றால் பழுதுபார்ப்பு மையம் தீவிலா பட்டர்வொர்த்திலா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நம் ஊர் வானிலை. ரிசீவருக்கு மேலே ஒரு சாண் இடமாவது விடுங்கள், மேலே ஆஸ்ட்ரோ பெட்டியை அடுக்காதீர்கள். என்னிடம் பழுதுக்கு வரும் பெட்டிகளில் சூட்டில் எச்டிஎம்ஐ போர்டு போனவையும், சூடு தேடி உள்ளே போன பல்லி ஒட்டிக் கருகியவையும் மாதம் தவறாமல் உண்டு. மின்னல் சுவர் பிளக்கின் வழியாக மட்டும் வருவதில்லை, ஆஸ்ட்ரோ டிஷ் கேபிள் வழியாக டிவிக்குள் நுழைந்து எச்டிஎம்ஐயில் ரிசீவருக்கும் வரும். பிறையில் ஒரு வீட்டில் நல்ல சர்ஜ் புரொடெக்டர் வைத்திருந்தும் மூன்று பெட்டியும் அப்படித்தான் போயின. இடி தொடங்கினால் பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றுவதுதான் உறுதியான காப்பு.

எல்லாம் பொருத்தியதும், அம்மாவை அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார வைத்து, அவருக்குப் பிடித்த படத்தில் அமைதியான ஒரு பேச்சுக் காட்சியை ஓடவிடுங்கள். சென்டரை அரை அரை டெசிபலாகக் கூட்டி, அவர் போதும் என்று சொல்லும் எண்ணைக் குறித்து வையுங்கள். டிவியின் மாடல் எண்ணை இங்கே எழுதினால் அதில் இருப்பது ஏஆர்சியா இஏஆர்சியா, எந்தத் துளை என்று பார்த்துச் சொல்கிறேன்.